எல்லைக்கல்லும் தவ்பாவும்

ரமளானின் பிந்திய பத்து இரவுகளில் நம் பள்ளிவாசல்களைப் பார்க்க வேண்டும். இமாம் கையேந்தி துஆ ஓத, பின்னிருந்து ஆமீன் கூறுவோரின் குரல் தழுதழுக்கும். கண்ணீர் தாடியை நனைக்கும். முதியவர் விம்முவதைக் கண்டு சிறுவரும் விம்முவர். அந்தக் கண்ணீரை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அல்லாஹ்வின் அச்சத்தால் அழுத கண்ணுக்கு உயர்ந்த நன்மாராயம் உண்டு என்பதை ஹதீதுகள் நமக்குக் கற்பிக்கின்றன. ஆயினும் ஒரு கேள்வி நெடுநாளாக நம் நெஞ்சை அரித்துக்கொண்டிருக்கிறது. அழுது எழுந்த நாம், பெருநாள் கழிந்த மறுவாரம் யாருடைய வீட்டுக் கதவைத் தட்டினோம்? யாருடைய பொருளை யாரிடம் திருப்பிக் கொடுத்தோம்? எந்தக் கணக்கைத் திருத்தினோம்?

இக்கேள்விக்கு விடை தேடும்போதெல்லாம் நம் நினைவு பழனி மலைத்தொடரிலுள்ள பண்ணைக்காட்டுக்கே செல்கிறது. அங்கு ஒரு கிறிஸ்தவப் பெரியவரிடம் நாம் கற்ற பாடத்தை, எட்டாண்டுகள் மதரஸாவில் ஓதியும் கற்றிருக்கவில்லை. அதைச் சொல்லுமுன் சொல்லின் பொருளைச் சற்று ஆராய்வோம்.

சொல்லும் பொருளும்

தவ்பா என்னும் அரபுச் சொல்லுக்குத் திரும்புதல் என்பதே மூலப்பொருள். யூதர்களின் எபிரேய மொழியில் இதற்குரிய ‘தெஷூவா’ என்ற சொல்லுக்கும் அதே பொருள்தான். புதிய ஏற்பாட்டின் மொழியாகிய கிரேக்கத்திலோ ‘மெத்தனோயா’ என்பர். அதற்கு மனத்தின் மாற்றம் என்று பொருள். தமிழ்க் கிறிஸ்தவர்கள் இதனை ‘மனந்திரும்புதல்’ என்று வழங்குகின்றனர். கிரேக்கத்தின் மனமும் அரபு, எபிரேய மொழிகளின் திரும்புதலும் ஒருங்கே அமைந்த அழகிய சொல் அது. நாம் ‘பாவமன்னிப்புத் தேடுதல்’ என்று தமிழாக்கம் செய்யும்போது, இறைவன் நமக்குத் தருவதை மட்டுமே சொல்கிறோம். நாம் செய்ய வேண்டிய திரும்புதலைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

திருக்குர்ஆன் அத்தஹ்ரீம் அத்தியாயத்தின் 8-ஆம் வசனத்தில் இறைநம்பிக்கையாளர்களை நோக்கி வெறும் தவ்பாவை அன்று, ‘நஸூஹ்’ ஆன தவ்பாவையே கோருகிறது. நஸூஹ் என்றால் கலப்பற்ற தூய்மை. மெழுகு முதலியன கலவாத தேனை அரபியர் ‘நாஸிஹ்’ என்பர். மலைத்தேன் வாங்கிப் பழகியவர்களுக்கு இதன் அருமை புரியும். பார்வைக்குப் பொன்னிறமாய்த் தோன்றுவதெல்லாம் தேனாகிவிடாது. அதே வேரிலிருந்து தையல்காரனுக்கும் ‘நாஸிஹ்’ என்றே பெயர். நூலுக்கு ‘நிஸாஹ்’ என்று பெயர். பாவம் கிழித்ததை ஊசியும் நூலும் கொண்டு மீண்டும் தைப்பதே நஸூஹான தவ்பா என்று விரிவுரையாளர்கள் நயம் கூறியுள்ளனர். கிழிந்த ஆடையைப் பார்த்து அழுதால் அது தைபடுமா?

பண்ணைக்காட்டுப் பெரியவர்

ஏறத்தாழ முப்பதாண்டுகளுக்கு முன்பு, மதரஸாவிலிருந்து பட்டம் பெற்று வெளிவந்த சில ஆண்டுகளில், பண்ணைக்காட்டில் சில முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் பணி நமக்குக் கிடைத்தது. கொடைக்கானல் வட்டத்தில் கீழ்ப்பழனி மலையைச் சேர்ந்த ஊர் அது. நிழல் மரங்களின் கீழே காப்பி, அம்மரங்களைப் பற்றிப் படரும் மிளகு, இடையிடையே மலைவாழை என்று மலைச்சரிவு முழுவதும் தோட்டங்கள். பல சமயத்தாரும் அடுத்தடுத்துத் தோட்டம் வைத்து, ஒரே சந்தையில் விற்று வாங்கி வாழ்ந்து வந்தனர்.

அந்த ஐப்பசியில் ஒருநாள், பிள்ளைகளை அனுப்பிவிட்டு நாம் அஸருக்கு ஆயத்தமானபோது, அறுபதைக் கடந்த ஒரு பெரியவர் வாசலில் வந்து நின்றார். சிறு காப்பித் தோட்டக்காரர், கத்தோலிக்கர். ஆண்டுதோறும் ஆகஸ்டில் கொடைக்கானல் சலேத் மாதா கோயில் திருவிழாவுக்குத் தவறாமல் செல்பவர் என்று ஊரார் சொல்லிக் கேட்டிருந்தோம். 1846-இல் பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலையில், பாவத்தினின்று திரும்புமாறு அழுதுகொண்டே அழைத்த அன்னையை இரு மேய்ப்புச் சிறுவர் கண்டதாகக் கத்தோலிக்கர் நம்புகின்றனர். அந்த அன்னையின் பெயரால் 1860-களில் எழுந்த கோயில் அது. அந்நம்பிக்கை நம்முடையதன்று. ஆனால் மனந்திரும்புதலையே செய்தியாகக் கொண்ட கோயிலுக்குப் போய்வரும் மனிதர் அவர் என்பது பின்னர்தான் நமக்கு உறைத்தது.

அவர் சொன்னதன் சாரம் இது. அவருடைய தோட்டத்தை ஒட்டி ஒரு ராவுத்தர் குடும்பத்தின் தோட்டம் இருந்தது. அக்குடும்பம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கீழே சமவெளிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. இவர் பதினெட்டு வயது இளைஞராய் இருந்தபோது, தந்தையும் இவரும் ஓரிரவு சேர்ந்து எல்லைக்கல்லைப் பிடுங்கி அந்தப் பக்கமாகத் தள்ளி நட்டுவிட்டனர். வந்து சேர்ந்த நிலம் பன்னிரண்டு சென்ட். தந்தை இறந்தார். காப்பி பழுத்தது, மிளகு காய்த்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன.

“ஐயா, இத்தனை ஆண்டுகளாக உங்கள் மனம் உறுத்தவில்லையா?” என்று கேட்டோம்.

“உறுத்துச்சு, ஹஜ்ரத். பாவசங்கீர்த்தனம் செய்யும்போதெல்லாம் ‘பிறர் பொருளை எடுத்தேன்’னு பொதுவாச் சொல்லுவேன். கல்லைப் பத்திச் சொல்லமாட்டேன். ஒவ்வொரு தடவையும் மனசு லேசாயிடும். ஆனா கல்லு அங்கேயேதான் இருந்துச்சு.”

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் சக்கேயுவின் வரலாறு வாசிக்கப்பட்டதாம். லூக்கா எழுதிய நற்செய்தியின் 19-ஆம் அதிகாரத்தில் வரும் அவன், எரிகோ நகரத்து வரிவசூலிப்போரின் தலைவன். குள்ளனாதலால் காட்டத்தி மரத்தில் ஏறி ஈஸா (அலை) அவர்களைப் பார்க்க முயன்றவன். அவர்கள் அவன் இல்லத்துக்கு விருந்தினராக வந்தபோது, தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், யாரிடமாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நான்கு மடங்காய்த் திருப்புவதாகவும் அவன் வாக்களிக்கிறான். அதன் பின்னரே அந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்று அறிவிக்கப்படுகிறது. “அவன் அழுததா அதில எங்கேயும் எழுதலை, ஹஜ்ரத். கொடுத்ததுதான் எழுதியிருக்கு” என்றார் பெரியவர். நாம் வாயடைத்து நின்றோம்.

இரு வேதத்தாரும் இசைந்த இடம்

கிறிஸ்தவக் கொள்கைக்கும் நம் கொள்கைக்கும் உள்ள வேற்றுமையை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. சிலுவையில் நிகழ்ந்ததாகத் தாம் நம்பும் பலியினால் மனிதகுலத்தின் பாவத்துக்குப் பரிகாரம் கிடைத்தது என்பது அவர்களது நம்பிக்கை. ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதில்லை, அடியானுக்கும் ஆண்டவனுக்கும் இடையே தரகர் இல்லை என்பது நம் நம்பிக்கை. எனினும், மன்னிப்பு எங்கிருந்து வருகிறது என்பதில் வேறுபடும் இரு சாராரும், அம்மன்னிப்பை மலிவாக்கலாகாது என்பதில் ஒன்றுபடுகின்றனர்.

பாவத் தண்டனையைக் குறைக்கும் சீட்டுகளைக் காசுக்கு விற்றதைக் கண்டித்தே 1517-இல் மார்ட்டின் லூதர் தம் 95 கூற்றுகளை வெளியிட்டார். விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பது அவற்றுள் முதலாவதன் கருத்து. ஹிட்லரின் கொடுங்கோன்மையை எதிர்த்து 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட ஜெர்மானியப் பாதிரியார் போன்ஹோஃபர், 1937-இல் எழுதிய நூலில், மனந்திரும்பாதவனுக்கு வழங்கப்படும் மன்னிப்பை மலிவான அருள் என்று இடித்துரைத்தார். 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், திருடிய பொருளைத் திருப்புதல் போன்ற பரிகாரத்தை இயன்ற அளவு செய்தே ஆக வேண்டும் என்கிறது. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனிடம் சென்று ஒப்புரவாகி வா என்ற ஈஸா நபியின் போதனையை மத்தேயு நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்தில் காணலாம். அந்தப் போதனைக்கு ஒரு கிறிஸ்தவர் உண்மையாய் நடக்கிறார் என்பதற்கு அவர் பாடும் பாட்டைவிட அவர் பிடுங்கி நடும் கல்லே சான்று.

நம் இமாம்கள் சொல்வதும் இதுவே. இமாம் நவவீ (ரஹ்) ரியாளுஸ் ஸாலிஹீனில் தவ்பாவின் நிபந்தனைகளை வரிசைப்படுத்துகிறார்கள். பாவத்தை விட்டு விலகுதல், செய்ததற்கு வருந்துதல், இனிச் செய்வதில்லை என்று உறுதிகொள்ளுதல் ஆகிய மூன்றும் அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடைப்பட்ட பாவத்துக்கு. மனிதனின் உரிமை சம்பந்தப்பட்டதாயின் நான்காவதாக ஒன்று சேரும். அவ்வுரிமையை உரியவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) தவ்பாவை அறிவு, நிலை, செயல் என மூன்றாய்ப் பகுப்பார்கள். பாவத்தின் கேட்டை அறிவது அறிவு. அதனால் எழும் வருத்தம் நிலை. வருத்தத்தின் விளைவு செயல். நம்மில் பெரும்பாலோர் இரண்டாவது படியிலேயே அமர்ந்துவிடுகிறோம். அங்குதான் கண்ணீர் இருக்கிறது, செலவு இல்லை.

எல்லைக்கல்லைப் பற்றியே இரு மரபிலும் எச்சரிக்கை உண்டு. அடுத்தவனின் எல்லைக்குறியைப் பெயர்ப்பவனைச் சபிக்கிறது உபாகமத்தின் 27-ஆம் அதிகாரம். ஒரு சாண் நிலத்தை அநியாயமாய் எடுத்தவன் கழுத்தில் ஏழு பூமிகள் மாலையாக மாட்டப்படும் என்றார்கள் நபிகள் நாயகம் (ஸல்). யூனுஸ் (அலை) அவர்களின் சமூகத்தார் தவ்பாச் செய்து வேதனையினின்று தப்பியதைத் திருமறை கூறுகிறது. யோனாவின் ஆகமமும் கூறுகிறது. அவர்களுடைய தவ்பா எப்படிப்பட்டது? பிறர் கல்லை அடித்தளத்தில் வைத்து வீடு கட்டியிருந்தவன், அந்தக் கல்லைப் பெயர்த்தெடுத்து உரியவரிடம் கொடுத்தான் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வாயிலாக விரிவுரை நூல்கள் அறிவிக்கின்றன. களவாடிய உத்தரத்தை மீட்க மாளிகையையே இடித்தான் என்கிறது யூதரின் தல்மூது. மூன்று சமுதாயத்தாரும் நினைவு வைத்திருப்பது நினிவே மக்களின் ஒப்பாரியை மட்டும் அன்று. அவர்கள் பெயர்த்த கல்லையும் உத்தரத்தையும்தான்.

ஏழு பங்கு

பெரியவர் நம்மைத் தேடி வந்தது உபதேசம் கேட்க அன்று. நிலத்துக்குரிய ராவுத்தர் காலமாகிவிட்டார் என்று அவருக்குத் தெரிந்தது. மனைவியும் இரு ஆண்மக்களும் ஒரு மகளும் இருந்தனர். நாற்பதாண்டு மகசூலுக்கு அவர் தம்மால் இயன்றவாறு ஒரு கணக்குப் போட்டு, குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். “உங்க வேதப்படி யார் யாருக்கு எவ்வளவு? மூத்த பையன் கையில மொத்தமாக் குடுத்துட்டா, மத்தவங்களுக்குப் போய்ச் சேரலைன்னா, நான் மறுபடியும் கடன்காரன்தானே?” என்றார்.

வாரிசுப் பங்கீட்டு இயலாகிய ஃபராயிளில் நாம் வகுப்பில் முதலாவதாய்த் தேறியவர். உடனே தாளை எடுத்தோம். மக்கள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. மொத்தத்தை நாற்பதாக்கினால் மனைவிக்கு ஐந்து, ஆண்மக்களுக்குப் பதினான்கு பதினான்கு, மகளுக்கு ஏழு. எழுதி முடித்து, “மகளுக்கு ஏழு பங்கு” என்று வாய்விட்டுச் சொன்னோம். சொன்ன நா அப்படியே நின்றுவிட்டது.

நம் அத்தா வபாத்தாகி அப்போது நான்காண்டுகள் ஆகியிருந்தன. அம்மா, அக்கா, நாம் என மூவரே வாரிசுகள். வீடும் சிறிது நஞ்சையும் இருந்தன. இருபத்து நான்காகப் பிரித்தால் அம்மாவுக்கு மூன்று, நமக்குப் பதினான்கு, அக்காவுக்கு ஏழு. இங்கும் அதே ஏழு! அத்தாவின் நாற்பதாம் நாள் கழிந்த மறுநாள் உறவினர் கூடியிருந்த கூடத்தில், “உனக்கு ஏதும் வேண்டுமா அக்கா?” என்று கேட்டோம். “எனக்கு என்ன தம்பி வேணும்? நீ நல்லா இருந்தாப் போதும்” என்றார் அக்கா. கூடியிருந்தோர் அவருடைய பெருந்தன்மையைப் புகழ்ந்தனர். நாமும் நிம்மதியடைந்தோம். நிம்மதி என்பதே உண்மை. ஏனெனில் அவர் அப்படிச் சொல்வார் என்று தெரிந்தே கேட்டோம். அந்த நான்காண்டுகளில் எத்தனை ஜும்ஆக்களில் பெண்ணுரிமை பற்றி நாம் பேசியிருப்போம்! ரமளான் இரவுகளில் எத்தனை முறை அழுதிருப்போம்!

பெரியவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “அந்தப் பொண்ணோட ஏழு பங்கை அவங்க கையிலேயே குடுத்துடணும், ஹஜ்ரத்” என்று சொல்லிப் போனார். அப்படியே செய்தார். சில வாரங்களில் வாரிசுகள் நால்வரும் மலையேறி வந்தனர். அவர்கள் முன்னிலையில் கல் பழைய இடத்துக்குப் போயிற்று. மகசூல் கணக்கில் முதற்பகுதியை அன்றே கொடுத்து, மீதிக்கு ஈராண்டுத் தவணை கேட்டுக்கொண்டார். நாமும் உடனிருந்தோம். தோட்டத்தின் ஓரத்தில் தலை குறுகி இலை கொத்தாய்ச் சுருங்கிய ஒரு வாழையைப் பெரியவர் நமக்குக் காட்டினார். இம்மலையின் வாழைத் தோட்டங்களைப் பெரிதும் அழித்த முடிக்கொத்து நோய் அது. “மேலே வெட்டினா மறுபடி வர்ற கன்னும் இப்படித்தான் வரும். கிழங்கோட தோண்டி எடுக்கணும்” என்றார். அவர் வாழையைப் பற்றித்தான் சொன்னார். நமக்கோ வேறொன்று கேட்டது.

திரும்பியதும் திரும்பாததும்

அடுத்த விடுமுறையில் அக்காவின் ஊருக்குச் சென்றோம். இம்முறை வேண்டுமா என்று கேட்கவில்லை. அம்மாவின் பங்கையும் அக்காவின் பங்கையும் முறைப்படி பிரித்து எழுதிய பத்திரத்தை ஆயத்தமாய்க் கொண்டு சென்றோம். அக்கா அழுதார். பின்பு மெல்லச் சொன்னார்: “அன்னைக்கு நீ கேட்டப்பவே எனக்குத் தெரியும் தம்பி. நான் வேண்டாம்னு சொல்லணும்னுதான் கேட்டே. வேணும்னு சொன்னா இந்த வீட்டு வாசல் எனக்கு அடைச்சிடுமேன்னு பயந்தேன்.”

ஒரு முஸ்லிமின் பொருள் அவர் மனமுவந்து தந்தாலன்றி மற்றவருக்கு ஆகுமானதன்று என்ற ஹதீதை நாம் மாணவர்களுக்கு மனனம் செய்வித்திருக்கிறோம். அக்காவின் ‘வேண்டாம்’ மனமுவந்து வந்ததன்று. தாய்வீட்டை இழக்கும் அச்சத்திலிருந்து வந்தது. அந்த அச்சத்தை விலையாக்கித்தான் நாம் நிலம் வாங்கினோம்.

நிலம் திரும்பியது. நான்காண்டு விளைச்சலையும் சிறிது சிறிதாய்க் கொடுத்து முடித்தோம். ஆனால் அந்த ஆண்டுகளில்தான் அக்காவின் மூத்த மகன் பணமுடையால் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி வேலைக்குச் சென்றான். ஏழு பங்கு உரிய காலத்தில் சேர்ந்திருந்தால் அவன் படித்திருக்கக்கூடும். அதை எந்தப் பத்திரத்தில் எழுதித் திருப்புவது? திருப்ப முடிந்ததைத் திருப்பியவனுக்கே, திருப்ப முடியாததற்காக அழும் தகுதி உண்டு என்பதை அப்போது உணர்ந்தோம். இன்றும் அவன் பெயரைச் சொல்லி துஆச் செய்யும்போது நம் குரல் தடுமாறுகிறது. அந்தக் கண்ணீர் பழைய ரமளான் கண்ணீர் போன்றதன்று. அது நம்மை லேசாக்குவதில்லை.

நம் இல்லங்களுக்கு

அன்பர்களே! இதை நம் தற்பெருமைக்காகவோ தாழ்மையைக் காட்டவோ எழுதவில்லை. நம் குடும்பங்களில் இந்த எல்லைக்கல் எத்தனை வீடுகளில் இடம் மாறிக் கிடக்கிறது என்பதை நாம் அனைவரும் அறிவோம். சீர் செய்தோமே, திருமணச் செலவு செய்தோமே, அதுவே அவள் பங்கு என்கிறோம். தந்தை உயிரோடிருந்து தந்தது அன்பளிப்பு. அவர் இறந்தபின் பிறப்பது உரிமை. ஒன்று மற்றொன்றைக் கழிக்காது. விளைநிலம் பெண்ணுக்கில்லை என்று கூறுவாரும் உண்டு. அன்னிஸா அத்தியாயத்தின் 7-ஆம் வசனம், சொத்து குறைவாயினும் கூடுதலாயினும் பெண்களுக்குப் பங்குண்டு என்கிறது, நிலத்தை விலக்கவில்லை. நாட்டுச் சட்டத்தைக் காட்டுவோருக்கும் இடமில்லை. 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விளைநிலத்தை விட்டிருந்தது உண்மையே. 1949-இல் சென்னை மாகாணத் திருத்தம் அந்த விலக்கையும் நீக்கிவிட்டது.

இது நம் சமுதாயத்தின் நோய் மட்டும் அன்று. மகனில்லாத செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐவர் மூஸா (அலை) அவர்களிடம் பங்கு கேட்டதும், அது நியாயமென்று இறைவன் தீர்ப்பளித்ததும் தவ்ராத்தின் எண்ணாகமத்தில் உள்ளன. அந்த வேதத்தை ஓதும் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடையே, திருவிதாங்கூர்ப் பகுதி மகள்மார் மகன்களுக்குச் சமமான பங்கு பெற, மேரி ராய் என்ற அம்மையார் உச்ச நீதிமன்றம் வரை சென்று 1986-இல்தான் தீர்ப்புப் பெற்றார். வேதம் கையிலிருப்பது வேறு. கை வேதத்தின்படி திறப்பது வேறு.

ஹஜ்ஜிலிருந்து திரும்புபவர் அன்று பிறந்த குழந்தை போலாவார் என்ற நன்மாராயத்தை நம்பி, சகோதரியின் பங்கில் பயணச்சீட்டு வாங்குவோர் ஒன்றை நினைக்க வேண்டும். உயிரையே கொடுத்த ஷஹீதுக்கும் கடன் மட்டும் மன்னிக்கப்படுவதில்லை என்பது முஸ்லிம் கிரந்தத்தில் உள்ள ஹதீது. தொழுகை, நோன்பு, ஸகாத்தோடு மறுமைக்கு வந்தும், பிறர் பொருளை உண்டதால் நன்மைகள் அனைத்தையும் அவர்களிடம் இழந்து நிற்பவனே உண்மையான ஏழை என்றும் நபிகள் நாயகம் (ஸல்) எச்சரித்தார்கள்.

எனவே, அடுத்து கையேந்தும் இரவுக்கு முன்பாக ஒரு தாளை எடுப்போம். பாவங்கள் என்று பொதுவாக எழுதாமல் பெயரை எழுதுவோம். அக்கா, தங்கை, அத்தை, பங்காளி, பக்கத்துத் தோட்டக்காரர் என்று எழுதுவோம். பெயருக்கெதிரே பங்கை எழுதுவோம். பின்னர் அவர்கள் வீட்டுக்குச் செல்வோம். வேண்டுமா என்று கேட்க வேண்டாம், கொண்டு போவோம்.

பண்ணைக்காட்டுப் பெரியவர் இன்றில்லை. அவர் தம் வேதத்தின் ஒரு பக்கத்துக்கு உண்மையாய் நடந்தார்; அதனால் நம் வேதத்தின் ஒரு வசனம் நமக்குத் திரும்பக் கிடைத்தது. அந்த மலைச்சரிவில், இரு தோட்டங்களுக்கும் நடுவே, இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கல் நின்றுகொண்டிருக்கும்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நஸூஹான தவ்பாவை நல்குவானாக! நம் கண்களை அழச்செய்யுமுன் நம் கைகளைத் திறக்கச் செய்வானாக! ஆமீன்.